கிரீசுக்கு அடியில் வைத்த பொட்டு

லூர்து,

முதலில் உறுதியான செய்தி. நம்முடைய இரண்டாவது பெட்டி கொச்சியில் கப்பல் ஏறிவிட்டது. போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கப்பல் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. சொன்னவர் சரக்கு அனுப்பும் ஏஜெண்டிடம் வேலை பார்க்கும் குமாஸ்தா. கம்பம்மெட்டு தபாலாபீஸுக்கு டிரங்க் கால் போட்டுச் சொன்னார். "நீங்க பாத்தீங்களா, கேள்விப்பட்டீங்களா?" என்று கேட்டேன். "கண்டதாணு சாரே. கிரேன் தூக்கும்போ நான் அவிடெத்தன்னே நின்னு" என்றார். கண்ணாலேயே பார்த்தவர். சூயஸ் கால்வாய் இன்னும் மூடிக் கிடப்பதால் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டுதான் வரும். அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும். பெட்டி வந்த பிறகு கடிதம் வந்தால் இதை எழுதியதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இரண்டாவது செய்தி, இதுவும் உறுதியானதுதான். அந்தப் பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு உளியிலும் கிரீசுக்கு அடியில் சந்தனமும் குங்குமமும் இருக்கிறது. சொன்னவர் வைத்தவரே, மாடசாமி மாமாவின் சம்சாரம் பேச்சியம்மாள்.

இதைப் படித்ததும் உனக்கு எல்லாம் விளங்கியிருக்கும். ஆனாலும் நான் ஆதியோடந்தமாக எழுதப் போகிறேன். ஏர் லெட்டரில் ஆரம்பித்தேன், மடிப்பு தீர்ந்துவிட்டது. அதனால் தனித் தாளில் எழுதுகிறேன். இது உனக்கு மட்டும் எழுதியதல்ல. நம் கருவிகளை விற்கிற அந்தக் கடையை நடத்துகிறவர்கள் கூடுகிற கூட்டத்தில் நீ இதை அவர்கள் பாஷையில் படித்துக் காட்ட வேண்டும். ஆகையால் உனக்குத் தெரிந்ததையும் தெரியாதவர்களுக்குச் சொல்வதுபோல் சொல்கிறேன். பொறுத்துக்கொள். கண் முன்போல் இல்லை. நாலு வரி எழுதினால் நிமிர்ந்து மலையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்கு வர முடிகிறது. பத்திரிகைக்காரர்கள் எனக்குப் பதிலாகக் குமுளியில் வேறொரு வாலிபனை நிருபராகப் போட்டுவிட்டார்கள். எனக்கு ஏலக்காய் விலை மட்டும் அனுப்பினால் போதுமாம். அதில் வருத்தம் இல்லை. சோர்வுதான்.

நீ நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி புறப்பட்ட அன்று உன் தகரப் பெட்டியின் பூட்டு கெட்டுப்போனது. மாடசாமி மாமா குறுக்கே ஒரு சட்டத்தை வைத்து ஆணி அடித்துக் கொடுத்தார். அடித்து முடித்த பிறகுதான் பேச்சியம்மாள், "நல்லா அடிச்சிய. அந்தப் பிள்ள அங்க போயி பல்லால கடிச்சுத் தெறக்குமா?" என்றாள். அவர் இடுப்பில் செருகியிருந்த உளியை எடுத்து உன் கையில் கொடுத்துவிட்டார். அந்த உளியால்தான் நீ பெட்டியைத் திறந்தாய். அந்த உளியால்தான் ஆஸ்பத்திரியில் இறுகிக்கொண்ட மேஜை இழுப்பறையைச் சீவிவிட்டாய். கால் முறிந்து படுக்கையில் கிடந்த கிழவர் ஒருவர், அவரும் தச்சர், அதைக் கையில் வாங்கியவர் டிஸ்சார்ஜ் ஆகும்வரை திருப்பித் தரவில்லை என்று எழுதியிருந்தாய். அவர்தான் மாதாகோவிலை ஒட்டிய அந்தச் சின்னக் கடைக்கு உன்னை அழைத்துப்போனார். ஞாயிறு பூசைக்குப் பிறகு திறக்கிற கடை. ஏழை நாடுகளில் கையால் செய்த சாமான்களை விற்று, வந்த பணத்தைச் செய்தவனுக்கே அனுப்புகிற கடை. முதலில் உளி கேட்டார்கள். பிறகு இழைப்புளி, கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியல், மரம் செதுக்குகிற வாச்சி என்று தபால் பார்சலில் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பினோம். அங்கே உள்ள தச்சர்களும் பள்ளிக்கூடத்துத் தொழில் வாத்தியார்களும் அவற்றை வாங்கி வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். மாடசாமி மாமாவுக்கு அதுதான் பெருமை. "சுவத்துல மாட்டி வேடிக்க பாக்கல அண்ணாச்சி, வேல செய்யிதான்" என்று டீக்கடையில் எல்லோரிடமும் சொன்னார்.

இங்கே அந்தக் கருவிகளைச் செய்கிறவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். சக்குபள்ளத்தில் பட்டறை போட்டிருக்கும் மாடசாமி மாமாவும் அவருக்குத் துணையான சூசையும் தச்சர்கள். மாமா திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். சூசை நம்மைப்போல் வேதக்காரன், கிறிஸ்தவன். இரும்பு வேலை ரங்கசாமி. அவர் பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்து, இதே பட்டறையில் ஒரு மூலையில் உலை வைத்திருந்தார். இவர்கள் அதற்கு முன்பு காண்டிராக்டர்களிடம் கூப்பு வேலைக்குப் போனவர்கள். சர்க்கார் ஏலம் விட்ட காட்டுக்குள் போய் ஓலைக் கொட்டகையில் மாதக்கணக்கில் கிடந்து, நிற்கிற மரத்தைத் தள்ளி அறுத்துக் கொடுப்பது கூப்பு. குளிர்காய்ச்சலோடு திரும்புவார்கள். திரும்பாதவர்களும் உண்டு. உன் கடைக்கு வேலை செய்ய ஆரம்பித்த அன்று மாடசாமி மாமா இனி நிற்கிற மரத்தில் கை வைப்பதில்லை என்றார். கடைக்காரர்கள் போட்ட நிபந்தனை என்று அங்கே யாரேனும் நினைத்தால் திருத்திச் சொல். நிபந்தனையை அவர்களும் போட்டார்கள், ஆனால் இவர் முதலில் சொன்னார். ஏலச்செடி நடுவதற்காகப் பிடுங்கிப் போட்ட பழைய காப்பிச் செடியின் அடிமரம், கழித்த கொய்யாக் கிளை, காற்றில் சாய்ந்த பலா, கொட்டாப்புளிக்குக் கம்பம் ஊர்ப் பக்கத்தில் தானாக விழுந்த புளிய மரம், இவைதான் மரம். இரும்பு, கழித்துப்போட்ட லாரியின் ஸ்பிரிங் பட்டை. போன மழைக்காலத்தில் ஒரு ஆள் காட்டில் வெட்டிய நல்ல ஈட்டி மரத்தைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் போட்டு, "யாருக்குத் தெரியப் போவுது, செர்மனிக்காரனா வந்து பாக்கப் போறான்?" என்றான். மாடசாமி மாமா, "எனக்குத் தெரியும்லா. எடுத்துட்டுப் போவே" என்றார். அப்போது நான் பக்கத்தில் இருந்தேன்.

இனி, கப்பலில் போன முதல் பெட்டி. அது ஆயுத பூசைக்கு முந்தின நாள் தயாராகிவிட்டது. பூசையன்று பட்டறையில் எல்லாக் கருவிகளையும் கழுவிப் பலகையில் அடுக்கிச் சந்தனப் பொட்டும் அதன் மேல் குங்குமமும் வைப்பார்கள். சூசையும் தன் கருவிகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு வெளியே போய் நிற்பான். அவன் திரும்பி வரும்போது அவற்றிலும் பொட்டு இருக்கும். யார் வைத்தது என்று அவனும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. போன பூசையன்று உனக்கு அனுப்ப வைத்திருந்த கருவிகளும் அங்கே இருந்தன. அவற்றை மட்டும் பூசைக்கு வைக்காமல் விட அவர்கள் யாருக்கும் மனம் வரவில்லை. வீட்டுப் பிள்ளையைப் பந்தியில் உட்காராதே என்று சொல்வது போல் இருந்ததாம். தங்களுடைய கருவிகளை மறுநாள் எடுத்துத் துடைத்து வேலை பார்த்தார்கள். விற்கிற கருவிகளைத் துடைக்க யாருக்கும் கை வரவில்லை. பொட்டோடு காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைத்து ஆணி அடித்தார்கள். பூசை வைத்த கருவி மறுநாள் வேலைக்குப் போய்விடும் என்பதுதான் காலங்காலமான ஏற்பாடு. மூடிய பெட்டிக்குள் மாதக்கணக்கில் படுத்திருக்கும் கருவிக்கு அந்த ஏற்பாடு இல்லை. இது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

பெட்டி திறந்தபோது ஒவ்வொரு இரும்பிலும் துரு பிடித்திருந்தது என்று கிறிஸ்துமஸ் முடிந்து நீ எழுதினாய். துடைத்தால் போகிற துரு இல்லை, குழி விழுந்துவிட்டது. தீட்டத் தீட்ட உளியின் வாய் அந்தக் குழிக்கு வரும்போது முனை உதிர்ந்துபோகும், ஆகையால் பாதிப் பேர் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்றும் எழுதினாய். கடல் உப்புக் காற்றுதான் காரணம், அடுத்த பெட்டியில் கெட்டியாகக் கிரீஸ் தடவி மெழுகுத் தாளில் சுற்றி அனுப்ப வேண்டும், அதிலும் துரு இருந்தால் கடைக்காரர்கள் இனி வாங்க மாட்டார்கள் என்று முடித்திருந்தாய். நான் அதைப் பட்டறையில் வரி விடாமல் படித்துக் காட்டினேன்.

அன்று நடந்ததை நான் உனக்கு எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். மாடசாமி மாமா கேட்டுக்கொண்டே இருந்தவர், "கடலு எல்லா இரும்புக்கும் ஒரே கடலுதான அண்ணாச்சி? அவன் நாட்டு இரும்பும் கப்பல்லதான வருது போவுது. அதெல்லாம் துருப்புடிக்கா?" என்றார்.

ரங்கசாமி உலைக்குப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தார். "ஏனுங்க ஆசாரியாரே, என்ற இரும்பு மட்டம்னு சொல்றீங்களா?"

"நான் எங்கவே சொன்னேன்? அந்த இரும்பே சொல்லுதே."

"அந்தப் பட்டை கோயமுத்தூர்ல நானே தட்டித் தட்டிப் பாத்து எடுத்ததுங்க. சத்தத்துலயே தெரியுமுங்க நல்ல இரும்பு."

"தட்டிப் பாத்தீரு சரி. நக்கிப் பாத்தீரா, உப்பு ஏறுமா ஏறாதான்னு?"

சூசை சிரித்துவிட்டான். அவன் சிரிக்காமல் இருந்திருந்தால் அது அந்த அளவில் நின்றிருக்கும் என்று இன்றுவரை அவனே சொல்கிறான். ரங்கசாமி உலைக்குத் திரும்பினார். அடித்து முடித்த உளிகளையெல்லாம் துடைத்து மாடசாமி மாமாவின் முன்னால் வரிசையாக வைத்தார். மறுநாள் காலையில் துருத்தியை மடித்துச் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றார். நான் போய் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "இல்லீங்க. கையில சுத்தமில்லாதவன்னு சொன்னாக்கூடப் பொறுத்துக்குவனுங்க. இரும்பு தெரியாதவன்னு சொல்லிப்போட்டாருங்க. நான் ஊட்டுக்குப் போறனுங்க" என்று ஏறிவிட்டார். அதற்குப் பிறகு உலை எரியவில்லை. அவர் வைத்துவிட்டுப் போன உளிகளுக்குப் பிடி போட்டுத்தான் இரண்டாவது பெட்டியை நிரப்பினார்கள்.

கிரீசை எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பிலிருந்து சூசை கேட்டு வாங்கி வந்தான். மெழுகுத் தாளுக்குக் கம்பத்துக்கு இறங்கிப் போனான். மாசி மாதத்தில் கட்டி முடித்துக் கொச்சிக்கு லாரியில் ஏற்றிவிட்டோம். காண்டிராக்டர் ஆள் மறுபடி கூப்பு வேலைக்குக் கூப்பிட இரண்டு தடவை வந்து போயிருந்தான். மூன்றாம் தடவை வந்தபோது மாடசாமி மாமா, "இந்தப் பெட்டி என்னாச்சுன்னு தெரிஞ்சப்பறம் சொல்லுதேன்" என்றார். முதல் தடவை அவனை வாசலோடு அனுப்பியவர் அவர். பேச்சியம்மாள் அன்று அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

போன வியாழக்கிழமை, உன் ஆஸ்பத்திரியிலிருந்து சின்னக்கானலுக்கு விடுமுறையில் வந்திருக்கிற சிஸ்டர் என்னைத் தேடி வந்தார். முதல் பெட்டியில் போய்த் துருப்பிடித்த உளி ஒன்றை நீ கொடுத்தனுப்பியதாகக் கொடுத்தார். காகிதத்தைப் பிரித்துப் பார்த்தேன். துரு உளி முழுக்க இல்லை. நட்டநடுவில், விரல் நுனியால் தொட்டு வைத்த அளவில், வட்டமாக ஒரே ஒரு குழி. கடல் காற்று இப்படி இடம் பார்த்து உட்காருமா? சிஸ்டரிடம் கேட்டேன். அவர் தயங்கிவிட்டுத்தான் சொன்னார். "லூர்து கடைக்காரம்மாகிட்ட கடல்னுதான் சொன்னா. எங்கிட்ட, 'சிஸ்டர், அது பொட்டு. பெட்டியத் தெறந்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு'ன்னு சொல்லி அழுதா." மாதாகோவிலுக்குச் சொந்தமான அறையில் விக்கிரக பூசை செய்கிறவர்களின் சாமானை ஏன் விற்க வேண்டும் என்று ஏற்கெனவே ஒருவர் கூட்டத்தில் கேட்டிருக்கிறாராம். சூசையும் அந்தப் பூசையில் கருவி வைக்கிறவன் என்று தெரிந்தால் இன்னும் மோசமாகும் என்று பயந்தாயாம். மாடசாமி மாமாவிடம் பொட்டுதான் கெடுத்தது என்று சொன்னால் மனம் உடைந்துவிடுவார் என்றும் நினைத்தாயாம். எல்லாம் நியாயமான பயம்தான், லூர்து. ஒன்றையும் நான் குறை சொல்லவில்லை.

உளியை எடுத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போனேன். மாடசாமி மாமா அதை வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்து, குழியைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். சூசை எட்டிப் பார்த்தான். பேச்சியம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள்.

"இது கடலு இல்ல. இது நான் வச்ச பொட்டு."

பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ, ரெண்டாவது பெட்டிக்கும் வச்சமே."

"அப்ப ஆயுத பூச இல்லையே?" என்று கேட்டேன்.

"கடல் தாண்டிப் போற சாமான வெறுங்கையோடவா அனுப்புவாக? மொதப் பெட்டி அப்படி ஆயிப்போச்சேன்னு இந்தத் தடவ நல்லாவே வச்சேன் அண்ணாச்சி."

"கிரீஸ் தடவும்போது தொடச்சீங்களா?"

என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சாமிக்கு வச்சத எப்படித் தொடைக்கது? அதுக்கு மேலயேதான் தடவுனோம்."

சூசை தலையைச் சொறிந்துகொண்டே, "நானும் ஒண்ணு சொல்லணும் அண்ணாச்சி" என்றான். "கோவில்லருந்து தீர்த்தம் கொண்டாந்து தெளிச்சேன். கிரீசுக்கு முன்னாடி."

"எவ்வளவுல?" என்றார் மாடசாமி மாமா.

"கொஞ்சந்தான். ஒரு பாட்டிலு."

"போச்சு போ" என்றாள் பேச்சியம்மாள். "துருவு இனி ரெண்டு சாமிக்கும் பொதுவு."

அடக்க முடியாமல் நான் சிரித்தேன், சூசையும் சிரித்தான், பேச்சியம்மாள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். மாடசாமி மாமா சிரிக்கவில்லை. உளியை மடியில் வைத்துக்கொண்டு, "லூர்துக்கு இது தெரியுமா?" என்று கேட்டார்.

பொய் சொல்ல எனக்கும் ஆசைதான். "தெரியும்" என்றேன்.

"எப்பருந்து?"

"பெட்டியத் தெறந்த அன்னைக்கே."

மாடசாமி மாமா குழியைக் கட்டைவிரலால் மூடினார். "அந்தப் பிள்ள எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா அண்ணாச்சி. பொட்டுதான் கெடுத்துச்சுன்னு சொன்னா நான் என்ன கோவிச்சுக்கிட்டுத் தேசாந்தரமா போயிருவேன்? இப்ப ரங்கசாமியல்லா தேசாந்தரம் அனுப்பிட்டேன். குத்தமில்லாத மனுசன."

அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

நீ எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் படித்தபோது நடந்தது ஒன்று ஞாபகம் வருகிறது. உன் கூட்டாளி ராசாத்தி தம்பியைப் பார்த்துக்கொள்ள, வேலையாட்கள் குடியிருக்கும் லயத்திலேயே தங்கிவிட்டாள். பேரை வெட்டிவிடுவார் என்று பயந்து நீ வாத்தியாரிடம் அவளுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டாய். மத்தியானத்துக்குள் எஸ்டேட் கம்பவுண்டர் ஆட்களோடு வந்துவிட்டார். லயத்தின் இரண்டு முனையிலும் கயிறு கட்டி வேப்பிலை செருகினார்கள். ஒருவரும் வேலைக்குப் போகக் கூடாது. ராசாத்தியின் அப்பா பிள்ளையைத் தூக்கிக் காட்டி, "எங்கய்யா இருக்கு அம்மை? எனக்குக் கொஞ்சம் காட்டுங்க" என்று கத்தினார். கடைசியில் லயத்தில் இருந்த எல்லோருக்கும் ஊசி, உனக்கும் சேர்த்து. நீ ஊசி போட்ட கையைப் பிடித்துக்கொண்டு, "நான் அவ நல்லதுக்குத்தாம்ப்பா சொன்னேன்" என்று அழுதாய். நானும் உன் அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்குப் பிறகு அதை வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே சொல்வேன். இப்போது யோசிக்கும்போது, அந்தக் கயிற்றுக்குள் அடைபட்டுக் கூலி இழந்தவர்கள் அதைக் கேட்டுச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

இத்தனை வருஷம் செய்தி எழுதியதில் எனக்குப் பெரிய ஞானம் எதுவும் வந்துவிடவில்லை. ஒன்றுதான் பிடிபட்டது. காரணத்தை மாற்றிச் சொன்னால், உண்மையான காரணம் அங்கேயே இருந்து தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். நீ கடல் என்று சொன்னதால் இவர்கள் கடலுக்கு மருந்து போட்டார்கள். பொட்டு பொட்டாகவே இருந்தது. கடலை நம்பாதவருக்கு இரும்பின் மேல் சந்தேகம் வந்தது. இரும்பைச் சொன்னதும் ஒரு மனிதர் போனார். இதில் யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை.

இன்னொன்றும் யோசித்துப் பார். அந்தக் கடையில் நம் கருவிகளின் பக்கத்தில் ஒரு சீட்டு வைத்திருப்பதாக எழுதியிருந்தாய்: நிற்கிற மரம் எதையும் வெட்டாமல் செய்தவை என்று. வாங்குகிறவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் கூடக் கொடுத்து வாங்குகிறார்கள். அவர்களில் ஒருவரும் சக்குபள்ளத்தைப் பார்த்ததில்லை. காப்பி அடிமரத்துக்கும் ஈட்டிக்கும் வித்தியாசம் அவர்களுக்குத் தெரியாது. நாம் சொல்கிறோம், அவர்கள் நம்புகிறார்கள். துருவைப் பற்றிச் சொன்னது பொய் என்று நாளைக்கு வேறு யார் வாயாலோ தெரிந்தால், மரத்தைப் பற்றிச் சொன்னதை எதற்கு நம்புவார்கள்? ஈட்டி மரத்தை வாசலோடு திருப்பி அனுப்பிய மனிதரின் சொல் உன் சொல்லோடு சேர்ந்து போய்விடும். பூசை செய்கிறவர்களின் சாமான் வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் சொல்லட்டும். தெரிந்துகொண்டு வேண்டாம் என்று சொல்லட்டும். அந்த வருத்தத்தை இவர்கள் தாங்குவார்கள். மாடசாமி மாமாவிடம் இதைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். சூசையிடமும் கேட்டேன். "நம்ம கோவில் சாமியாருக்கே தெரியும் அண்ணாச்சி, செர்மனியில இருக்கவருக்கு என்ன?" என்றான்.

ஆகையால் நீ செய்ய வேண்டியது இது. பெட்டி வருவதற்கு முன்பே கடையைப் பார்த்துக்கொள்ளும் அந்த அம்மாளிடம் நேரில் போய்ச் சொல். சொல்லிவிட்டுப் பெட்டி திறக்கும்போது நீ கூட இரு. நீ திறக்காமல் வேறு யாரும் திறக்க வேண்டாம். கிரீசைத் துணியால் வழித்துவிட்டு மண்ணெண்ணெயால் துடைத்துப் பார்த்தால் என்ன நிலைமை என்று தெரியும். கிரீஸ் காற்றை அடைத்திருப்பதால் துரு பிடிக்காமல் இருக்குமா, உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் போன தடவையைவிட ஆழமாக அரித்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. பட்டறையிலும் யாருக்கும் தெரியவில்லை. சந்தனத்தின் ஈரம் கெடுத்ததா, குங்குமத்தில் சேர்க்கிற எலுமிச்சை கெடுத்ததா என்பதும் உறுதியில்லை. இதையெல்லாம் சொல்லக் கூடியவர் ஒருவர்தான். அவர் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறார்.

அடுத்த ஆயுத பூசைக்கு என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. பொட்டைப் பிடியில் வைக்கலாமே என்றேன். "பிடி மரம். பூச வாய்க்குல்லா" என்று பேச்சியம்மாள் ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டாள். விற்கிற கருவியையும் மறுநாள் ஒரு கட்டையில் ஓட்டிப் பார்த்துத் துடைத்து வைத்தால் என்ன என்று சூசை கேட்டான். வேலைக்குப் போனதாகவும் ஆயிற்று, துடைத்ததாகவும் ஆயிற்று என்பது அவன் கணக்கு. மாடசாமி மாமா அதற்கு ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பூசைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

உன்னைக் கோபித்துக்கொண்டு எழுதியதாக நினைக்காதே. அத்தனை தூரத்தில், அத்தனை குளிரில், ராத்திரி டியூட்டி முடித்துவிட்டு இவர்களுக்காக அந்தக் கடையில் போய் நிற்கிறவள் நீ. நீ இல்லையென்றால் இவர்கள் இந்நேரம் கூப்பில்தான் இருப்பார்கள். இது எனக்குத் தெரிவதைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பேச்சியம்மாள் உனக்கு ஏலக்காய் கட்டி வைத்திருக்கிறாள். சிஸ்டர் திரும்பும்போது கொண்டுவருவார். பொட்டு எதுவும் வைக்கவில்லை என்று என்னிடம் சொல்லச் சொன்னாள்.

இனித் தெரிய வேண்டியவை இரண்டு. பெட்டி ஈஸ்டருக்குப் பிறகுதான் ஹாம்பர்க் வந்து சேரும் என்று குமாஸ்தா சொல்கிறார்; தேதி அவருக்கும் தெரியவில்லை. கடைக்காரர்கள் என்ன முடிவு எடுக்கிறார்கள் என்பது அதற்கு அப்புறம். காண்டிராக்டர் ஆளிடம் அதுவரை பதில் சொல்வதில்லை என்று மாடசாமி மாமா சொல்லியிருக்கிறார்.

மற்றது அதற்கு முன்பே தெரிந்துவிடும். இன்று விடியற்காலை பஸ்ஸில் மாடசாமி மாமா கொழிஞ்சாம்பாறைக்குப் புறப்பட்டார். கம்பம், திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி என்று மாறி மாறிப் போக வேண்டும். அந்த உளியைத் துண்டில் சுற்றி எடுத்துப் போயிருக்கிறார். "என்னன்னு சொல்லிக் கூப்பிடுவிய?" என்று பேச்சியம்மாள் கேட்டதற்கு, "இரும்பு மேல குத்தமில்லன்னு சொல்லுவேன். அதுக்கு மேல அவரு ஏசுனா வாங்கிக்கிடுவேன்" என்றார். வருகிற வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் திரும்புவதாகச் சொல்லியிருக்கிறார். ரங்கசாமி கூட வருவாரா என்பது ஒருவருக்கும் தெரியாது. சூசை இன்று காலையிலேயே உலைக்குச் சிரட்டைக் கரி வாங்கி, பனியில் நனையாமல் சாக்கு போட்டு மூடி வைத்துவிட்டான்.

அன்புடன்,
அப்பா